பக்கத்தில் ஒரு பெயர், பதிவில் இன்னொரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் கணினி நிலையங்களில் ஒருவருடைய விபரங்கள் இன்னொருவருடைய விண்ணப்பத்தில் ஏறிவிடுகின்றன என்றும், பிள்ளைகளின் எதிர்காலத்தோடு கடைக்காரர்கள் விளையாடுகிறார்கள் என்றும் பெற்றோர் ஒருவர் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மையில் எழுதியிருந்தார். சுன்னாகத்தில், ஊரவர் இன்றைக்கும் 'கொமினிக்கேசன்' என்றே சொல்லும் அத்தகைய கடை ஒன்றை நீண்ட காலமாக நடத்திவருபவன் என்ற முறையில், அவருடைய கோபத்தை நான் மறுக்கவில்லை. அவர் சொல்லும் பிழை என்னுடைய கடையிலும் ஒரு முறை நடந்தது. ஆனால் அவர் எழுதியதுபோல் 'கவனயீனம்' என்ற ஒரு சொல்லோடு அதனை மூடிவிட்டால், அடுத்த விண்ணப்பக் காலத்திலும் அதே பிழை வேறொரு கடையில் வேறொரு பிள்ளைக்கு நடக்கும் என்பதால்தான் இதனை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் விண்ணப்பத்துக்கு இறுதி நாளுக்கு முந்திய நாள் மாலை, ஏழாலையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றியவர். அவருடைய கணக்கில் உள்நுழைந்து, முகவரி, பாடசாலை, சுட்டெண், பெறுபேறு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டோம். பிறப்புச் சான்றிதழைப் பதிவேற்றும் இடத்துக்கு வந்தபோதுதான், கொண்டுவந்த பிளாஸ்ரிக் உறைக்குள் தம்பியின் பிறப்புச் சான்றிதழ் இருந்ததே தவிர அவருடையது இல்லை என்பது தெரிந்தது. தாய் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, சரியானதைச் சைக்கிளில் கொண்டுவரச் சொன்னார். அந்த இடைவெளியில், வரிசையில் காத்திருந்த வர்த்தகப் பிரிவு மாணவன் ஒருவனை இருத்தி, இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளான அதே உலாவியில், 'ரப்' எனப்படும் புதிய தாவல் ஒன்றைத் திறந்து, அதே தளத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்குப் போய், அவனுடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். தளம் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய படிவத்தை நிரப்பிச் சேமித்தேன். அவன் பணம் செலுத்திய பற்றுச்சீட்டை எடுத்துவர வெளியே போனான்.

பிறகு சைக்கிள் வந்தது. முதல் தாவலுக்குத் திரும்பினேன். அந்த மாணவியின் படிவம் நான் விட்டுச்சென்றபடியே திரையில் இருந்தது. சான்றிதழை ஏற்றி, 'சேமி' என்பதை அழுத்தினேன். பச்சை எழுத்தில் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று வந்தது. அடுத்த பக்கத்தில் 'இறுதியாகச் சமர்ப்பி' என்பதையும் அழுத்தி, வந்த பி.டி.எவ் கோப்பை அச்செடுத்துத் தாயின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதிலை மேலை ஆரோ பெடியன்ரை பேரெல்லோ கிடக்குது."

மேலே இருந்தவை அந்த வர்த்தகப் பிரிவு மாணவனின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும். கீழே இருந்தவை ஏழாலை முகவரி, மாணவியின் பாடசாலை, அவருடைய உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் பெறுபேறுகள், அவருடைய பிறப்புச் சான்றிதழ். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கணக்குத் திறக்கும்போது கொடுத்தவை என்பதால் அவை மட்டும் மாறாமல் நின்றன. மற்றவை முழுவதும் மாணவனின் பதிவின்மேல் எழுதப்பட்டுவிட்டன. மாணவியின் கணக்கிலோ அன்று மாலை எதுவுமே சேமிக்கப்பட்டிருக்கவில்லை. அவருடையதை மறுபடியும் முதலிலிருந்து நிரப்பினோம். மாணவனுடையது இறுதியாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டதால் திருத்த முடியவில்லை. அவனுடைய தகப்பனார் கடிதம் ஒன்றுடன் அன்று இரவே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனார். அங்கே அவருக்குச் சொல்லப்பட்டதும் இந்த வாசகர் எழுதிய அதே வார்த்தைதான்: உங்கள் ஊர்க் கடைக்காரனின் கவனயீனம்.

நான் இரண்டு படிவங்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் ஒரு தாவலில் எழுதியதை மற்றத் தாவலில் நான் எழுதவில்லை. மாணவியின் பக்கத்தில் மாணவியின் விபரத்தைத்தான் எழுதினேன். அந்தப் பக்கம் திரையில் மாணவியினுடையதாகவே தெரிந்துகொண்டிருக்க, அதன் பின்னால் இருந்த அமர்வு, அதாவது உள்நுழைந்தவர் இன்னார் என்று தளம் வைத்திருக்கும் தொடர்பு, மாணவனுடையதாக மாறிவிட்டிருந்தது. இது எப்படி நடக்கிறது என்று விளங்காதவரை, கடைக்காரனைத் திட்டுவதாலும் பயனில்லை. கடைக்காரன் அடுத்த முறை இரண்டு மடங்கு கவனமாக இருப்பதாலும் பயனில்லை.

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்.ரி.ரி.பி என்ற நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு கோரிக்கை வந்தால் பதில் கொடுக்கும்; அடுத்த கோரிக்கை வரும்போது முன்னர் வந்தவர்தான் இவர் என்று அதற்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக 1994ஆம் ஆண்டு நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி என்பவர் உருவாக்கியதுதான் குக்கி. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் ஓர் இலக்கத் துண்டு தருவார்கள். பிறகு வைத்தியரிடம் போனாலும் மருந்து எடுக்கப் போனாலும் அந்தத் துண்டைத்தான் காட்டவேண்டும், பெயரை யாரும் கேட்பதில்லை. குக்கியும் அவ்வாறே. நாம் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்ததும், தளம் இயங்கும் கணினியான சேவையகம் நீண்டதோர் இலக்கத்தை எழுதி உலாவியிடம் கொடுக்கும். அதன் பிறகு அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் உலாவி அந்த இலக்கத்தைத் தானாகவே இணைத்து அனுப்பும். சேவையகத்தைப் பொறுத்தவரை, யாருடைய இலக்கம் வந்ததோ அவரே வந்திருக்கிறார்.

சிக்கல் அந்த இலக்கம் வைக்கப்படும் இடத்தில் இருக்கிறது. உலாவி அதனைத் தாவலுக்குத் தாவல் தனித்தனியாக வைப்பதில்லை. ஒரு தளத்துக்கு ஒரே பை என்ற முறையில் எல்லாத் தாவல்களுக்கும் எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவாக வைக்கிறது. குக்கிகள் எவ்வாறு இயங்கவேண்டும் என்று 2011இல் எழுதப்பட்ட ஆர்.எவ்.சி 6265 என்ற தர ஆவணத்தின்படி, பெயரும் தளமும் பாதையும் ஒன்றாக இருக்கும் குக்கி இரண்டாவது முறை வந்தால் பழையது நீக்கப்பட்டுப் புதியது அதன் இடத்தில் அமரும். ஆகவே நான் இரண்டாவது தாவலில் மாணவனாக உள்நுழைந்த கணத்திலேயே, பைக்குள் இருந்த மாணவியின் துண்டு போய், மாணவனின் துண்டு வந்துவிட்டது. முதல் தாவலுக்கு இது தெரியாது. அது ஏற்கனவே வரைந்து முடிந்த ஒரு படம்; புதுப்பிக்கும்வரை பழைய முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். 'சேமி' என்பதை அழுத்தியதும் அந்தப் பழைய முகத்தில் எழுதியிருந்தவை எல்லாம், பையிலிருந்த புதிய துண்டோடு சேர்ந்து சேவையகத்துக்குப் போயின.

1994இல் இதனை யாரும் ஒரு குறையாகக் கண்டிருக்க மாட்டார்கள். அன்று பரவலாகப் பாவனையில் இருந்த உலாவிகளில் தாவல்கள் இல்லை. ஒரு கணினிக்கு முன்னால் ஒருவர் இருப்பார், ஒரு தளத்தில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கும் என்பதுதான் எண்ணம். ஒரே கணினியில் காலை எட்டு மணி தொடக்கம் இரவு வரை நாற்பது பேருடைய கணக்குகளைத் திறந்து மூடும் சுன்னாகத்துக் கடை ஒன்று அவர்களுடைய கற்பனைக்குள் வந்திருக்க நியாயமில்லை. ஆனால் இன்றைக்கு இந்த நாட்டுக்கென்று விண்ணப்பத் தளம் செய்பவர்களின் கற்பனைக்குள்ளும் அது வரவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. இங்கே வீட்டில் கணினி வைத்திருந்து தாமாகவே விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சான்றிதழை ஸ்கான் பண்ணவும், குறித்த அளவுக்குள் கோப்பைச் சுருக்கவும், அச்செடுக்கவும் கடைக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்பதை இறுதி நாளில் எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் தெரியும்.

எங்களில் பழையவர்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2002இல் ஏ-9 வீதி திறந்த பிற்பாடு யாழ்ப்பாணத்தில் இணையக் கடைகள் பெருகிய காலத்தில், விண்டோஸ் எக்ஸ்.பி கணினிகளில் இன்ரநெற் எக்ஸ்புளோரரின் 6ஆம் பதிப்புத்தான் இருந்தது. அதில் முகப்புத் திரையிலுள்ள படத்தை இரண்டாம் முறை அழுத்தி இன்னொரு சாளரத்தைத் திறந்தால், அது தனியாக இயங்கும். தற்காலிக அமர்வுக் குக்கிகளும் அதற்குத் தனியாகவே இருக்கும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் அனுப்ப வரும் இரண்டு பேருடைய கணக்குகளை இரண்டு சாளரங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாங்கள் வேலை செய்ததுண்டு. 2009இல் வந்த 8ஆம் பதிப்பு இந்த வழக்கத்தை மாற்றியது. எத்தனை சாளரம் திறந்தாலும் அமர்வு ஒன்றுதான். வேறு அமர்வு வேண்டுமென்றால் பட்டியலில் 'புதிய அமர்வு' என்பதைத் தேடி எடுக்கவேண்டும். வேறு சாளரம் என்றால் வேறு ஆள் என்ற நம்பிக்கை எங்கள் கையில் அப்படியே தங்கிவிட்டது. அதைப் பொய்யாக்கிய மாற்றத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்தப் பங்குக்கு நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது பரவலாகக் காணப்படும் இன்னொரு நம்பிக்கை, குரோம் உலாவியில் 'இன்கொக்னிற்றோ' எனப்படும் மறைநிலைச் சாளரத்தைப் பற்றியது. கறுப்புச் சாளரத்தில் திறந்தால் எல்லாம் தனித்தனி என்று என் கடையில் வேலை பழகிய இளைஞர்கள்கூட நினைத்திருந்தார்கள். சாதாரண சாளரமும் மறைநிலைச் சாளரமும் ஒன்றுக்கொன்று வேறு என்பது சரிதான். ஆனால் மறைநிலையில் ஐந்து சாளரங்களைத் திறந்தாலும் அந்த ஐந்துக்கும் பை ஒன்றுதான். கடைசிச் சாளரத்தை மூடும்வரை அதிலுள்ளவை அழிவதுமில்லை. அதாவது இந்த வழியில் ஒரே தளத்தில் இரண்டு பேரைப் பிரிக்கலாம், மூன்றாமவர் வந்தால் மீண்டும் பழைய கதை. நெருக்கடியான நாட்களில் மூன்றாமவர் வராமல் இருப்பதில்லை.

உண்மையில் பிரித்துத் தருவது சுயவிபரம் என்று சொல்லப்படும் புரொபைல் வசதிதான். குரோம் உலாவியின் வலது மேல் மூலையில் உள்ள சிறு வட்டத்தை அழுத்தினால் புதியதொரு புரொபைலைச் சேர்க்கலாம்; அதற்காகக் கூகிள் கணக்கு வைத்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு புரொபைலுக்கும் குக்கிகள், சேமித்த கடவுச்சொற்கள், போய்வந்த பக்கங்களின் பதிவு எல்லாம் வேறு வேறு. எட்ஜ் உலாவியிலும் இதே வசதி உண்டு. பயர்பொக்ஸ் பாவிப்பவர்களுக்கு, மொசில்லா நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'மல்டி-அக்கவுண்ட் கொன்ரெய்னர்ஸ்' என்ற நீட்சி இன்னும் வசதியானது. அதில் ஒரே சாளரத்துக்குள்ளேயே தாவல்களை வெவ்வேறு நிறங்களில் பிரிக்கலாம். நீலத் தாவலின் குக்கி பச்சைத் தாவலுக்குப் போகாது. ஆனால் போய்வந்த பக்கங்களின் பதிவும் சேமித்த கடவுச்சொற்களும் எல்லா நிறங்களுக்கும் பொதுவாகவே இருக்கும் என்பதால், வெளியாட்கள் வந்துபோகும் கடைக்கு அது முழுமையான தடுப்பு அல்ல. என் கடையில் இப்போது ஒவ்வொரு கணினியிலும் நான்கு புரொபைல்கள் இருக்கின்றன. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். வாடிக்கையாளரின் பிளாஸ்ரிக் உறையில் அதே நிறத்தில் ஒரு சிறு ஒட்டுத்துண்டை ஒட்டிவிடுகிறோம். படிவம் பாதியில் நின்றாலும், ஆள் எழுந்து போனாலும், திரும்பி வந்து இருக்கும்போது நிறத்தைப் பார்த்தால் போதும்.

வெளியேறுவதைப் பற்றியும் ஒரு விடயம் சொல்லவேண்டும். தாவலை மூடினால் கணக்கிலிருந்து வெளியேறியதாகிவிடும் என்று வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் உலாவியையே மூடித் திறந்தாலும் அமர்வு திரும்பி வரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதனை நாங்கள் நேரில் கண்டோம். மின் திடீரென நின்று, மீண்டும் வந்து, கணினியை இயக்கியதும், பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்கும். ஆம் என்றால், காலையில் வந்துபோன ஒருவரின் வங்கி அல்லாத கணக்குகள் பல, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அப்படியே திறந்து நிற்கும். வங்கித் தளங்கள் சிறிது நேரம் எதுவும் செய்யாவிட்டாலே அமர்வைச் சேவையகத்தின் பக்கத்தில் முடித்துவிடுவதால் அவை தப்பின. ஆகையால் எந்தக் கடைக்குப் போனாலும், வேலை முடிந்து எழும்புவதற்கு முன், உங்கள் கண்ணுக்கு முன்னால் 'வெளியேறு' என்பதை அழுத்தச் சொல்லுங்கள். சொன்னால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

இவை எல்லாம் நாங்கள் செய்யக்கூடியவை. ஆனால் இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி கடைக்காரருக்கானது அல்ல. அந்தத் தளத்தைச் செய்தவர்கள் சில வரிகள் எழுதியிருந்தால், நான் எவ்வளவு கவனமில்லாதவனாக இருந்திருந்தாலும் அந்த மாலையில் அந்தப் பிழை நடந்திருக்க முடியாது. முதலாவது, அந்தத் தளத்தின் எந்தப் பக்கத்திலும் இது யாருடைய கணக்கு என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. 'சேமி' என்பதை அழுத்தியபின் வந்த பக்கத்தின் தலைப்பில் மாணவனின் பெயர் தெரிந்திருந்தால், இறுதிச் சமர்ப்பிப்புக்கு முன்னரே நானோ அந்தத் தாயோ கண்டுபிடித்திருப்போம். அச்செடுத்த தாளில் அவர் உடனே கண்டுபிடித்தாரே. இரண்டாவது, ஏற்கனவே ஒருவர் உள்நுழைந்திருக்கும் உலாவியில் இன்னொருவர் உள்நுழைய முயலும்போது, முன்னையவரை வெளியேற்றவா என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்தத் தளம் கேட்கவில்லை என்று மேலே சொன்னேன்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. படிவத்தைத் திரைக்கு அனுப்பும்போதே அது யாருக்காக வரையப்பட்டது என்ற அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலமாக அதற்குள் வைத்து அனுப்பவேண்டும். படிவம் திரும்பி வரும்போது அந்த அடையாளத்தையும், குக்கியோடு வந்த அமர்வின் உரிமையாளரையும் சேவையகம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டும் வேறாயின் ஓர் எழுத்தையும் சேமிக்கக்கூடாது. இது புதிய கண்டுபிடிப்பு எதுவும் அல்ல. வேறு தளங்களிலிருந்து போலிக் கோரிக்கைகள் வருவதைத் தடுப்பதற்காக ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் இரகசியக் குறியொன்றை வைப்பது இணைய மென்பொருள் எழுதுபவர்களின் பழைய வழக்கம். புதிதாக உள்நுழையும்போதெல்லாம் அமர்வின் இலக்கத்தை மாற்றவேண்டும் என்பதும் பழைய வழக்கம். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்து, இரகசியக் குறியை அமர்வோடு கட்டியிருந்தால், மாணவியின் பக்கத்திலிருந்த பழைய குறி மாணவனின் புதிய அமர்வோடு பொருந்தாமல் படிவம் நிராகரிக்கப்பட்டிருக்கும். அப்போது 'பக்கம் காலாவதியாகிவிட்டது' என்று விளங்காத ஒரு வசனம் வந்திருக்கும். நான் அலுத்துக்கொண்டு மறுபடியும் உள்நுழைந்திருப்பேன். 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்ற பச்சை எழுத்தைவிட அந்த விளங்காத வசனம் ஆயிரம் மடங்கு மேலானது.

பல கணக்குகளை ஒரே உலாவியில் வைத்துக்கொள்ள அனுமதிப்பதும் முடியாத காரியம் அல்ல. கூகிளின் மின்னஞ்சலில் இரண்டு மூன்று கணக்குகளில் உள்நுழைந்து பார்ப்பவர்கள் முகவரிப் பட்டையைக் கவனித்தால், யூ என்ற எழுத்துக்குப் பின்னால் 0, 1, 2 என்று ஓர் எண் நிற்பதைக் காணலாம். எந்தத் தாவல் எந்தக் கணக்குக்கு உரியது என்பதை அந்த எண்ணே சேவையகத்துக்குச் சொல்கிறது. குக்கியை மட்டும் நம்பி ஆளை முடிவு செய்யாமல், தாவலும் தன் பங்குக்குச் சாட்சி சொல்வதுதான் இதன் சாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முகவரியில் எண்ணை வைக்கலாம் என்றதும், அமர்வின் இரகசிய இலக்கத்தையே முகவரியில் வைக்கும் பழைய முறைக்குச் சிலர் திரும்பிவிடக்கூடும். ஜாவா மொழியில் எழுதப்பட்ட பழைய தளங்களில், முகவரியின் வாலில் 'ஜேசெஷன்ஐடி' என்ற சொல்லும் நீண்ட எழுத்துக் கோவையும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தாவலுக்குத் தாவல் அமர்வு பிரியும் என்பது உண்மையே. ஆனால் எங்களூரில் எதையும் வட்ஸ்அப்பிலோ வைபரிலோ 'லிங்' அனுப்பிக் கேட்பதுதான் வழக்கம். அப்படிப்பட்ட முகவரியை அண்ணனுக்கு அனுப்பினால், அமர்வு முடியும்வரை அந்தக் கணக்கின் திறப்பையே அனுப்பியதாகிவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் உலாவி தனியாகத் தரும் சேமிப்பிடம் ஒன்று இருக்கிறது. சில புதிய தளங்கள் குக்கிக்குப் பதிலாக அதில் அடையாளத்தை வைக்கின்றன. அது முகவரியைவிடப் பாதுகாப்பானதுதான். ஆயினும் பக்கத்துக்குள் எப்படியாவது புகுந்துவிடும் அந்நிய நிரலால் அதனை வாசிக்க முடியும். நிரலுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கும் வசதி குக்கிக்கு உண்டு, அந்தச் சேமிப்பிடத்துக்கு இல்லை. ஆகவே குக்கியை வைத்துக்கொண்டு, படிவத்தில் ஒப்பீட்டைச் சேர்ப்பதே என்னுடைய எளிய அறிவுக்குச் சரியாகப் படுகிறது. ஒரே தளத்தின் தாவல்கள் தமக்குள் செய்தி சொல்லிக்கொள்ளும் வசதியும் இன்றைய உலாவிகளில் உண்டு. ஒரு தாவலில் ஆள் மாறியதும் மற்றத் தாவல்களைச் சாம்பல் நிறமாக்கி, 'இந்தப் பக்கம் இப்போது உங்களுடையது அல்ல' என்று எழுதிவிடலாம். ஆனால் அது கண்ணுக்கு உதவுமே தவிர, காவல் என்பது சேவையகத்தில்தான் இருக்கவேண்டும்.

அந்தத் தகப்பனாரிடம் 'கடைக்காரனின் கவனயீனம்' என்று சொன்ன அலுவலருக்கும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவைக் கையாளும் நிறுவனத்தின் மீது, அந்தத் தரவு செம்மையாக இருக்கவேண்டும், உரியவருக்கன்றி வேறொருவருக்குப் போகக்கூடாது என்ற கடப்பாட்டை எழுதிவைத்திருக்கிறது. ஒரு மாணவியின் முகவரியும் பிறப்புச் சான்றிதழும் அவருக்கு அறிமுகமே இல்லாத ஒரு மாணவனின் கோப்பில் போய்ச் சேர்ந்ததை ஏற்றுக்கொண்டு, பச்சை எழுத்தில் வாழ்த்தும் சொன்னது அந்த நிறுவனத்தின் சேவையகம். என் கை அழுத்தியது உண்மை. அழுத்தக்கூடியதாக வைத்திருந்தது யார் என்பதையும் கேட்கவேண்டும் அல்லவா?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, இங்கிருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் இணைய மென்பொருள் எழுதிக்கொடுக்கும் பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையை அவர்களோ அவர்களுடைய வீட்டாரோ வாசிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இதனைக் கேட்கிறேன். உங்கள் தளத்தை ஒப்படைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தாவலில் ஒருவராக உள்நுழைந்து படிவத்தைப் பாதிவரை நிரப்புங்கள். அதே உலாவியில் இன்னொரு தாவலைத் திறந்து வேறொருவராக உள்நுழையுங்கள். பிறகு முதல் தாவலுக்குத் திரும்பி, பக்கத்தைப் புதுப்பிக்காமல், 'சேமி' என்பதை அழுத்திப் பாருங்கள். சேமிக்கப்பட்டது என்று பதில் வந்தால் தயவுசெய்து அந்தத் தளத்தை இன்னும் ஒரு நாள் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கணினி நிலைய நடத்துநர் ஒருவர்,
சுன்னாகம்.